எல்லம்மா வீட்டு உறைமோர்

எல்லம்மா வீட்டு உறைமோர் எந்தப் பாலையும் உறைய வைக்காமல் விடாது. ஆம்பூருக்கு வெளியே பாலாற்றை ஒட்டின அந்தத் தெருவில் அவளுக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. யார் வந்து கேட்டாலும் வாரி வாரிக் கொடுப்பாள். கைராசி என்பார்கள், அவளும் ஆமாம் என்பாள்.

கைராசியாம், கண்றாவி! அது பிறந்த கதை அவளுக்கும் புருஷன் கோதண்டராமனுக்கும்தான் தெரியும். செவலை மாட்டுக்கு மடிநோய். காம்பைப் பிழிந்தால் பாலோடு மஞ்சள் மஞ்சளாய்த் திப்பி வந்தது. மாட்டு டாக்டர் ஊசி போட்டுவிட்டு, தான் சொல்லும்வரை அந்தப் பாலைக் கீழே ஊற்றிவிடச் சொன்னார். அதற்கப்புறம் கோதண்டராமன் டாக்டரைக் கூப்பிடவே இல்லை. அதே மருந்தைக் கடையில் வாங்கித் தோன்றினபோதெல்லாம் தானே குத்தினான். பாலைக் கீழே ஊற்ற யாருக்கு மனசு வரும்? எல்லம்மா பழைய வேட்டித் துணியில் வடிகட்டினாள். துணியில் சளி மாதிரி ஒட்டிக்கொண்டதை முகத்தைத் திருப்பிக்கொண்டு அலசினாள்.

அந்தப் பால் தயிராகவே இல்லை. ஊசி மருந்து உறைமோரையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. கடைசியில் கோதண்டராமன் காய்ச்சாத பாலையே கொஞ்சம் கலந்து வைத்தான். தொட்டால் நூல் இழுக்கிற மாதிரி ஒரு தயிர் வந்தது. அதையே மறுபடி மறுபடி உறை ஊற்ற, போகப் போக நன்றாகக் கெட்டிப்பட்டது. ஊசி மருந்து கலந்த பாலிலும் உறைந்தது. அதைத்தான் அவள் தெருவுக்கே கொடுத்தாள்.

பக்கத்து வீட்டு பிரிசில்லா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை செய்கிறவள். அவள் பிள்ளை டேனியலுக்குத் தயிர்ச்சோறு இல்லாமல் இறங்காது. அவனுக்கு ரத்தபேதி கண்டு, காய்ச்சல் ஏறி, வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்து பிரிசில்லா போன் பண்ணினாள்.

"அக்கா, எந்த மருந்துக்கும் கேக்கலியாம். மாட்டுக்கு, கோழிக்குப் போடற ஊசிக்கெல்லாம் பழகிப்போன கிருமியாம். ரத்தத்துல கலந்துடுச்சாம். இன்னும் ஒரே மருந்துதான் பாக்கி. இன்னா சாப்ட்டான்னு கேட்டுக்கினே இருக்காங்க. சிக்கன் கடையச் சொல்லியிருக்கேன்."

"தயிரு?"

"சேச்சே! உங்க தயிரையா சொல்லுவேன்? அது வீட்டுத் தயிருக்கா."

ஊசிக்குப் பழகிப்போன கிருமி என்றதும் எல்லம்மாவுக்குத் தன் உறைமோர்ச் சட்டி நினைவுக்கு வந்தது. எல்லா உறைமோரும் செத்த பாலில் இது மட்டும் ஏன் சாகவில்லை என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. காலையில் தானும் அதைத்தான் ஊற்றித் தின்றாள்.

"பிரிசில்லா, என் தயிருன்னே சொல்லு. நோவு மாட்டுக்கு ஊசி போட்டு, அந்தப் பாலத்தான் உறை ஊத்துனோம். ஓடிப் போய் டாக்டராண்ட சொல்லுடி!"

போன் நின்றுவிட்டது.

"உனக்கின்னா பைத்தியமா?" என்று பாய்ந்தான் கோதண்டராமன். "நம்ம வாயாலயே சொல்லுவாங்களா?"

"வாயத் தொறக்காத. உன் வாயிலயும் அதான் இருக்குது. தூ!"

சட்டியைக் கொல்லைக் குழியில் கவிழ்த்துப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாள். புளித்த வாடை மூக்கில் ஏறி, குழி ஓரத்திலேயே வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டு கமலவேணியிடம் ஓடினாள். வாசலில் கமலவேணியின் குழந்தை தயிர்க் கையை நக்கிக்கொண்டிருந்தது. எல்லம்மா அந்தக் கையைப் பிடித்து இழுத்து முந்தானையால் அழுத்தித் துடைக்க, குழந்தை வீறிட்டது.

"இன்னாக்கா இது!" என்று ஓடி வந்தாள் கமலவேணி.

"அந்தத் தயிரக் கொட்டுடி. அது தயிரே இல்ல, மாட்டுச் சீழு. அதத் தின்னுதான் டேனியலு கெடக்கறான்."

கமலவேணி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"ஆற்காட்டுல என் தங்கச்சிக்குக் குடுத்தனுப்பினேனே அக்கா. அவ தெருவே இப்ப அதத்தான் உறை ஊத்துது."