சிங்கப்பூர்க் கம்பெனிக்கு ஸகாத்

அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தோட்டத்துக் கிளாக்கர் வேலையை விட்டுவிட்டு, பெல்மதுளைக் கடைத்தெருவில் வியாபாரிகளுக்கு இங்கிலீசில் கடிதம் எழுதிப் பிழைக்க வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்டவனை 1928இல் ஒரு நாள் மாணிக்க வியாபாரி ஸம்சுதீன் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"சுந்தரலிங்கம், நாளைக்குக் கொழும்புக்குப் போவோம். என்ட தங்கச்சிட கம்பனிக்கு பேங்குல கணக்குத் தொறக்கணும்."

தங்கச்சி லதீபாவுக்குக் கம்பெனியா? புருஷன் மௌத்தாகி விதவையான பிறகு, அண்ணன் வீட்டில் சமையலறைக்கு அடுத்த அறையில் மகளோடு பாய் விரித்துப் படுப்பவள் அவள். வாப்பா விட்டுப்போன அந்த வீட்டில் அவளுக்கும் பங்கு உண்டு. கேட்கும்போதெல்லாம் நோன்பு முடியட்டும், ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும் என்று முதலாளி தள்ளிக்கொண்டே வந்தார். பங்கு கைக்கு வந்தால் தனியாக உலை வைக்கலாம் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. இது கடைத்தெருவுக்கே தெரிந்த கதை.

மறுநாள் லதீபாவும் எங்களோடு ரயில் ஏறினாள். வழியில் முதலாளியை மெல்லக் கிண்டி விஷயத்தைப் பிடித்தேன். பழைய கூட்டாளி ஒருவர் கடனுக்காக அவர்மேல் வழக்குப் போட்டிருந்தார். அவர் பேரில் எது இருந்தாலும் கோர்ட் பிடித்துக்கொள்ளும். அதனால் சிங்கப்பூரில் ஒரு வக்கீலைப் பிடித்து ஒரு கம்பெனியைப் பதிந்து, தங்கச்சியை அதற்கு உரிமைக்காரியாக்கிவிட்டார். கல்லுக்கு லண்டன்காரர்கள் அனுப்பும் பணம் இனி அந்தக் கம்பெனியின் கணக்குக்கு வரும். அவள் கையெழுத்துப் போடுவாள், பணம் இவர் பைக்குப் போகும். பச்சையாகச் சொன்னால் பினாமி. எழுத்தில் வைத்தால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று அண்ணன் தங்கைக்குள் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக்கொள்ளவில்லை.

"அவ வாயில்லாப் பூச்சி," என்றார் என் காதோடு.

வாயில்லாப் பூச்சி அவிசாவளை வருவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டது. அண்ணனை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, என்ட கம்பனி எவ்வளவு பெரிசு?"

"பேர்ப்பலகை ஒண்டுதான். வக்கீல்ட கந்தோர்ச் செவத்துல தொங்குது."

"அங்க யாரு வேல செய்ற?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப அந்தியில பூட்டிட்டுப் போற யாரு?"

முதலாளி ஜன்னல் வழியாக ரப்பர் மரங்களைப் பார்க்கத் தொடங்கினார். எனக்கோ அவள் கேட்டதெல்லாம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியாகவே பட்டது. பேய்க்குக்கூடக் குடியிருக்க ஒரு புளியமரம் வேண்டும். இந்தக் கம்பெனிக்கு அதுவும் வேண்டாம் போலிருக்கிறது.

கொழும்புக் கோட்டையில் பேங்குத் துரை, கம்பெனி இந்த அம்மாளுடையதுதானா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். லதீபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "பேரு என்ட பேருதான் எண்டு செல்லுங்க ஐயா," என்றாள். அதை அப்படியே இங்கிலீசில் சொன்னேன். துரைக்கு அது போதுமாக இருந்தது. தமிழை அறபு எழுத்தில் எழுதத்தான் அவளுக்குத் தெரியும். கையெழுத்தையும் அப்படியே போட்டாள். அன்றிலிருந்து அந்தக் கணக்கிலிருந்து ஒரு சதம் வெளியே வருவதென்றாலும் அவள் கை வேண்டும்.

பணம் வந்தது, போனது. அவளும் சளைக்காமல் கையெழுத்துப் போட்டாள். ஆனால் ஒவ்வொரு செக்குக்கும், "இது யாருக்கு, என்னத்துக்கு?" என்று என்னைக் கேட்காமல் விடமாட்டாள். "கேள்வி கேக்கவா ஒனக்குக் கம்பனி எடுத்துத் தந்த?" என்று முதலாளி எரிந்து விழுவார்.

ஒரு வருஷம் கழிந்து நோன்பு வந்தது. வசதியுள்ள முஸ்லிம்கள் வருஷத்துக்கு ஒரு தடவை தங்கள் செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். ஸகாத் என்பார்கள். அதைக் கணக்குப் பார்க்கப் பள்ளிவாசல் லெப்பை முதலாளி வீட்டுக்கு வந்தார். பேரேட்டை வாசிக்க நானும் உட்கார்ந்திருந்தேன். கடைச் சரக்கும் கையிருப்பும் பார்த்து முடிந்ததும் லெப்பை கேட்டார்.

"சிங்கப்பூர்க் கம்பனி?"

"அது என்டது இல்ல லெப்பை. தங்கச்சிட," என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடன் கொடுத்தவனுக்குச் சொல்லும் பொய்யையே பட்டினி கிடப்பவனுக்கும் சொல்கிறாரே இந்த மனுஷன். ஆனால் வாயைத் திறந்தால் என் பிழைப்பில் மண் விழும். பேரேட்டைப் புரட்டினேன்.

திரைக்குப் பின்னாலிருந்து லதீபாவின் குரல் வந்தது. "லெப்பை, அப்ப அதுக்கு யாரு ஸகாத் குடுக்கிற?"

"யாருட சொத்தோ அவங்கதான் மகள்."

"நானா, அது யாருட சொத்து? இன்னொருக்கா வடிவாச் செல்லுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார், லெப்பையைப் பார்த்தார். தன்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விடிவதற்குள் அது கூட்டாளியின் காதுக்குப் போய்விடும். பெல்மதுளையில் சுவருக்கும் காது உண்டு.

"ஒன்டதான்," என்றார்.

"அப்ப செக்குப் புத்தகத்தக் கொண்டாங்க."

லெப்பை சொன்ன தொகையை நான் எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டு, திரையை விலக்கி அவரிடம் நீட்டினாள். புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"நாளைக்குக் கல்லு வாங்கணும். இன்னொண்டுல கையெழுத்து வை," என்றார் முதலாளி.

"வாப்பாட வீட்டுல என்ட பங்க நொத்தாரிஸ்கிட்ட எழுதித் தாங்க நானா. வெக்கிறேன்."

"நோன்பு முடியட்டும்."

"அப்ப கல்லும் நோன்பு முடிய வாங்குவோம்."

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. லெப்பை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "தங்கச்சிட பங்கக் குடுக்கிறதும் கடமதான் ஸம்சுதீன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே முதலாளி நொத்தாரிஸிடம் போய்ப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ரோட்டுப் பக்கத்து இரண்டு அறைகள் லதீபாவுக்கு வந்தன. உடனே அவளும் கேட்ட செக்குகளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். இதுதான் எனக்கு விளங்கவில்லை. பெருநாளன்று வாழ்த்துச் சொல்லப் போகிற சாக்கில் கேட்டுவிட்டேன்.

"கம்பெனியையே நீங்க வச்சிக்கிட்டு இருக்கலாமேம்மா. உங்களோடதுன்னு அவரே சொன்னாருங்களே. லெப்பையும் நானும் சாட்சி."

புது அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நானாட காசு ஐயா அது. எனக்கு என்னத்துக்கு?"

"அப்ப எதுக்கு ஸகாத் குடுத்தீங்க?"

"மனசுல நானா பேருலதான் நிய்யத் வெச்சிக் குடுத்த."

அத்தனை வருஷம் இவள் பங்கை விழுங்கியவனுக்காகவா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அவர்ட அனுமதி இல்லாமக் குடுத்தத அல்லாஹ் ஏத்துக்குவானா தெரியா," என்றாள் அவள். "ஆனா மறுமையில நானாக்கிட்டக் கணக்குக் கேக்கிற நேரம், அவர்ட பேருல இதாவது ஈக்கட்டும்."