போட்டோவுக்கு நிற்கும் குதிரை

என் வீட்டுக்காரர் ரிஃபாய் துபாயிலிருந்து லீவில் வந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. எங்கள் மகள் இஃபாத் இன்னும் ஒருமுறைகூட அவர் மடியில் உட்காரவில்லை. ஐந்து வயதுக் கழுதை, அவரை நேரில் கண்டால் என் துப்பட்டாவுக்குள் ஒளிகிறாள். போன் என்றால் மட்டும் வாய் ஓயாது.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவர் ஹாலில் உட்கார்ந்து வீடியோ கால் போடுவார். அவள் உள் அறையில் என் போனை வைத்துக்கொண்டு, "வாப்பா, சாப்டீங்களா?" என்பாள். நடுவில் ஒரு சுவர்தான். மனுஷனும் அதற்கே பழகிப்போய், மகள் எதிரே வந்தாலே போனைத் தூக்கிப் பிடிக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு போனையும் அரசலாற்றில் எறிந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விமானம். "போறதுக்குள்ள ஒரு தடவை தானா வந்து கையப் புடிச்சாப் போதும் பஹீமா" என்று முந்தாநாள் சொன்னார். குதிரை ஏற்றிவிடுவதாக மகளுக்குப் போனிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் நேற்று எங்கள் ஊர் பட்டினத்திலிருந்து ஆட்டோ பிடித்து மூவரும் காரைக்கால் கடற்கரைக்குப் போனோம்.

குதிரைக்காரர் பெயர் பூமிநாதன். வெள்ளைக் குதிரையின் பெயர் துரை.

"முகத்துவாரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பலாங்க. கயிறு என் கையில இருக்கும். சின்னப் புள்ளைங்கிறதால ஒருத்தர் கூடவே நடந்து இடுப்பப் புடிச்சிக்கணும்" என்றார்.

"வாப்பா புடிச்சிக்கட்டுமாம்மா?" ரிஃபாய் கேட்டார்.

"உம்மாதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் சிரித்துச் சமாளித்துக்கொண்டார். மகளை ஏற்றி நான் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, குதிரை நடந்தது. ரிஃபாய் முன்னால் போய்ப் போனைத் தூக்கினார். உடனே மகளுக்கு முகமெல்லாம் பல். "வாப்பா, நான் குதிரையில இருக்கேன்!" என்று போனைப் பார்த்துக் கையசைத்தாள்.

குதிரை நின்றுவிட்டது.

போனை இறக்கினார், நடந்தது. தூக்கினார், மறுபடியும் நின்றது. இஃபாத்தின் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

பூமிநாதன் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க சார். வர்றவங்க எல்லாம் அடிக்கொரு போட்டோ எடுக்கணும்பாங்க. நிறுத்தி நிறுத்திப் பழகி, போனைக் கண்டாலே தொரை போஸ் குடுக்க நின்னுடுவாரு. நான் சொன்னாலும் கேக்க மாட்டாரு."

"ஒரே ஒரு வீடியோதான். துபாய் போயி பாத்துக்கலாம்னு..." என்று இழுத்தார் ரிஃபாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அங்க போயி பாக்குறது இருக்கட்டும் மச்சான், இங்க இருக்குறவளப் பாருங்க! அந்தச் சனியனை உள்ள வைங்க!" என்று கத்திவிட்டேன். சுண்டல் விற்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். ரிஃபாய் போனைப் பைக்குள் போட்டார். வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் கூடவே நடந்து வந்தார்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். பெரிய அலை ஒன்று முழங்கால்வரை ஏறியது. என் பர்தா காலைச் சுற்றிக்கொள்ள, தடுமாறி மண்டியிட்டு விழுந்தேன். பிடி நழுவியது. "உம்மா!" என்று அலறிக்கொண்டு மகள் ஒரு பக்கமாகச் சரிந்தாள். ரிஃபாய் பாய்ந்து அவளை அணைத்துப் பிடித்துவிட்டார். அவள் இரண்டு கையாலும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பூமிநாதன் கயிற்றை இழுத்து நிறுத்தினார்.

எழுந்து ஓடிப் போய் நான் பிடித்திருக்கலாம். போகவில்லை. நனைந்த பர்தாவைப் பிழிகிற சாக்கில் வேண்டுமென்றே அங்கேயே நின்றேன்.

"எறங்கணுமா பாப்பா?" பூமிநாதன் கேட்டார்.

இஃபாத் வாப்பாவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். ஒரு விரலால் தாடியைத் தொட்டாள்.

"குத்துது" என்றாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல." யோசித்தாள். "போகலாம். விட்டுடாதீங்க வாப்பா."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒட்டியும் ஒட்டாமலும் பின்னால் நடந்தேன். முன்னால் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. குதிரை என்ன சாப்பிடும், துபாயில் குதிரை உண்டா, அது ஒட்டகத்தோடு சண்டை போடுமா என்று அவள் கேள்விக்கு முடிவே இல்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்.

முகத்துவாரத்தில் வெயில் சாய்ந்து, தண்ணீர் தகதகவென்று கிடந்தது. "எல்லாரும் இங்கதான் போட்டோ எடுப்பாங்க. எடுத்துக்குங்க சார், தொரையும் ரெடிதான்" என்றார் பூமிநாதன்.

பழக்கதோஷம், ரிஃபாயின் ஒரு கை பைக்குப் போனது. இஃபாத் அந்தக் கையை எட்டிப் பிடித்துத் தன் இடுப்பிலேயே திரும்ப வைத்தாள்.

"வேணாம் வாப்பா. போனைப் பாத்தா தொரை நின்னுடும்."

அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்க இரண்டு கையும் ஓய்வாக இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

பூமிநாதன் குதிரையைத் திருப்பினார். "நாளைக்கும் வருவீங்களா சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து பதில் வந்தது.

"வருவோம். வாப்பாதான் என்னப் புடிச்சிக்குவாங்க."