இருட்டு மேடையில் ஏறிய டிம்பேஸ்வர் ஹாலோய்

ஜனவரி 18

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு. இரண்டு மேடைகளுக்கும் நடுவே திரை தொங்குவதாக எழுதிவிட்டேன். திரை கிடையாது. ஒரு மேடையில் விளக்கு அணையும், பக்கத்து மேடையில் எரியும். அதற்குள் நடிகர்கள் பின்பக்க இருட்டில் ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும். ஊர் ஊராகப் போகும் எங்கள் நாடகக் கூடாரங்களில் அப்படித்தான்.

1

இந்தக் கதை பிறந்த இடம் என் சிரிப்பு. நல்பாரி மைதானத்தில் மாலைக் காட்சி. நாடகத்தின் இயக்குநர் டிம்பேஸ்வர் ஹாலோய்; கதாநாயகனும் அவரேதான், ஐம்பது தாண்டியும். உடை மாற்றப் போனவர் வலது மேடைக்கு வர வேண்டும். விளக்கு எரிந்தபோது அங்கே கதாநாயகி ஜூரி மட்டும் நின்றாள். அவரோ இடது மேடை இருட்டில், பக்கத்து வெளிச்சம் பட்டு நிழலாகத் தெரிந்தார், யாரையோ அணைக்கப் போவதுபோல் கைகளை நீட்டியபடி.

"அண்ணே, பஸ் மாறி ஏறிட்டீங்க!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். கூடாரமே சிரித்தது. நானும்.

ஜூரி கெட்டிக்காரி. "அங்கேயே நின்னா எப்படி? கோபம் போதும், கிட்ட வாங்க" என்றாள். கைதட்டல்.

அவர் கண்களில் அப்போது ஒரு

(விட்டுவிட்டேன். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்கள் தெரியவில்லை.)

2

ஏன் மாறி ஏறினார்? முதலில் 'வயதாகிவிட்டது' என்று எழுதி அடித்தேன். இது அவருடைய பழைய நாடகம். முன்பெல்லாம் அந்தக் காட்சி இடது மேடையில்தான். கதாநாயகி அவர் மனைவி ஹிரண்மயி. இந்த வருஷம் வலது மேடைக்கு மாற்றியவர் அவரே. கால்களுக்கு யாரும் சொல்லவில்லை.*

நாடகக் குழுக்கள் வருஷா வருஷம் நடிகர்களோடு ஒப்பந்தம் போடும் பருவத்தில் அவர்கள் பேசியது இப்படி இருந்திருக்கும்:

"உங்களுக்கு அம்மாவா நான் நடிக்கணுமா? நான் உங்களைவிட நாலு வயசு சின்னவ."

"மேடையில வயசை யாரு பார்க்கிறா, ஹிரு?"

"அப்ப நானே கதாநாயகியா நிக்கிறேன். யாரு பார்க்கப் போறா?"

அவள் வேறு குழுவில் கையெழுத்துப் போட்டாள். இரண்டு குழுக்களும் ஒரே ஊரில் ஒரே நாளில் கூடாரம் அடிப்பதில்லை. சித்திரையில் பிஹு பண்டிகையோடு நாடகங்கள் முடியும் வரை புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஊர்.

* இது எனக்குத் தெரிந்ததல்ல, நான் தீர்மானித்தது. வேறு காரணம் தெரிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

3

மறுநாள் காலை அவர் ஹிரண்மயிக்குப் போன் செய்கிறார்.

"இருட்டு மேடையில ஏறினீங்களாமே?"

"அதுக்குள்ள சேதி வந்துடுச்சா?"

"எங்க குழு சமையல்காரர் நடிச்சே காட்டிட்டார். உங்களைவிட நல்லாவே இருந்துச்சு."

இருவரும் சிரிக்கிறார்கள். பிறகு அவர், "அடுத்த வருஷம் வந்துடு, ஹிரு. நீயில்லாம மேடை ரொம்ப அகலமா இருக்கு."

"வசனம் வேண்டாம். என்ன வேஷம்?"

"என் பெண்டாட்டி."

"அப்ப கதாநாயகன் யாரு?"

4

(அ) "வேற பையன். நாம கிழவன், கிழவி" என்கிறார். அழகான முடிவு. ஆனால் கைதட்டல் கேட்டே வளர்ந்த மனிதர். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

(ஆ) "நான்தான்" என்கிறார். இருட்டில் அவளுக்காக நீட்டிய அந்தக் கைகளைப் பார்த்த பிறகு, அவர் மாறவே இல்லை என்று எழுத மனம் வரவில்லை.

(இ) சிக்னல் போய்விடுகிறது. கோழைத்தனம். அடித்துவிட்டேன்.

நிச்சயமாக எழுத முடிந்தது இவ்வளவுதான்: அந்தப் பக்கம் யாரோ, "அக்கா, டீ ஆறுது" என்கிறார்கள். அவள் போகவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை. பதிலை நீங்கள் சொல்லுங்கள், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நாளை: சுத்தப்பிரதி எடுக்க வேண்டும். அவர் பதிலுக்கு ஒரு வரி காலியாக விட்டு, மாலையில் கதை எழுதும் வகுப்பில் வாசிக்க வேண்டும்.