பெரிய வியாழனிலிருந்து நாலு நாள்

டாக்டர் நெடுமாறன் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு போர்வையைக் கால் பக்கமாக ஒதுக்கினார். லூயிஸின் இரண்டு கால்களும் முழங்கால்வரை வீங்கியிருந்தன. திரும்ப இழுத்து மூடினார்.

"எத்தன மணிக்கு?"

"அஞ்சே கால் இருக்கும் சார். காபி கொண்டுபோனேன். அப்பா எழுந்திரிக்கல," என்றாள் மெரின்.

குரல் அவளுக்கே சாதாரணமாகத்தான் கேட்டது.

வாசலிலிருந்து அண்ணன் ரெக்ஸ் கூப்பிட்டான். "மெரின், சார்ட்ட சர்டிபிகேட் வாங்கிடு. கோயில்ல கேக்குறாங்க. நாலு மணிக்கு அடக்கம். ஐஸ் பொட்டி வேற வந்துடுச்சு."

டாக்டர் சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்தார். முத்தியால்பேட்டையில் பொது மருத்துவர். எட்டு வருடமாக அப்பாவுக்கு இவர்தான். இதயத்துக்கு ஒருவர், கிட்னிக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர் எழுதுவதையெல்லாம் படித்து, வெட்டி, ஒரே தாளில் எழுதித் தருவார். எதையும் கேட்பார். எத்தனை தலையணை, என்ன குழம்பு, எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறது. உடம்பில் சேரும் நீரை இறக்கும் நீர் மாத்திரையை அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் விழுங்குவதில்லை என்பதையும் அப்படிக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்.

"பூசை நடுவுல ஒண்ணுக்கு எழுந்து போனா நல்லாவா இருக்கும் சார்?" என்று அன்று அப்பா கேட்டார்.

"சாமி கோச்சுக்க மாட்டாரு லூயிஸ்."

"சாமி இல்ல சார். பின் பெஞ்சுல ராஜாங்கம் ஒக்காந்திருக்கான்."

டாக்டர் சிரித்து, ஞாயிறு மட்டும் பூசை முடிந்து வந்து போடச் சொன்னார். "மாத்திரையில எது மாத்தறதா இருந்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணும்மா," என்று மெரினிடமும் சொன்னார்.

பெரிய வியாழன், பெரிய வெள்ளி, சனிக்கிழமை ராத்திரி பாஸ்கா பூசை. மூன்று நாளும் கோயில். மூன்று நாளும் அப்பா "இன்னிக்கு வேணாம்மா" என்றார். ஞாயிறு ஈஸ்டர், வீட்டில் விருந்தாளிகள், மாத்திரை மறந்துபோனது. சாயங்காலம் அப்பா இருமிக்கொண்டிருந்தார். அலைச்சல் என்று நினைத்தாள். போன் செய்யவில்லை.

டாக்டர் பெயரும் வயதும் எழுதினார். கேட்பார் என்று காத்திருந்தாள். இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. பிறகு அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எதுவும் கேட்கவில்லை.

"சார்."

நிமிர்ந்தார்.

"வியாழக்கெழமலேருந்து நீர் மாத்திரை குடுக்கல."

உள்ளறையில் அம்மாவைச் சுற்றி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் மாலையின் பத்து மணிகளை முடித்து அடுத்த பத்தைத் தொடங்கினார்கள்.

"அதனாலயா சார்?"

"அதுவும் இருக்கும்மா." பேனாவை மூடினார். "அது மட்டும்தான்னு சொல்ல முடியாது. இல்லவே இல்லன்னும் என்னால சொல்ல முடியாது."

மெரின் தலையாட்டினாள். அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. தாளுக்காகக் கை நீட்டினாள். அவர் தரவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு என்ன வயசு?"

"நாப்பத்தேழு."

"பிரஷர் என்னிக்காவது பாத்திருக்கியா?"

"இல்ல சார்."

"ஒக்காரு."

உட்கார்ந்தாள். அவர் அவள் கையை மேசைமேல் நீட்டிவைத்துப் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். ரெக்ஸும் இன்னொருவரும் ஐஸ் பெட்டியைச் சாய்த்துப் பிடித்து வாசல் வழியாக நுழைத்துக்கொண்டிருந்தார்கள். அது நிலையில் இடித்தது. மெரின் எழப் பார்த்தாள்.

"அசையாத," என்றார் டாக்டர்.

பட்டை மெல்ல இறுகத் தொடங்கியது.