மாற்றுச் சட்டை

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நர்ஸ் அவன் கையிலிருந்த ஊசியைக் கழற்றினாள். ரத்தம் வரவில்லை. இருந்தாலும் பழக்கத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு நினைவு வந்தவளாய்ப் பஞ்சை எடுத்துக் கூடையில் போட்டாள்.

மனைவி கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள். நாற்காலி இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. போர்வையைச் சரி செய்தாள். தலையணையைச் சரி செய்தாள். ஜன்னல் திரையை விலக்கினாள், மூடினாள். மேஜையில் பாதி குடித்த ஆரஞ்சு ஜூஸ் இருந்தது. அதைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றி, டம்ளரை இரண்டு முறை கழுவிக் கவிழ்த்தாள்.

"எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம்" என்று நர்ஸ் தன் மொழியில் சொன்னாள். அதைக் கேட்டதும் அவளுக்கு அந்த அறையில் ஒரு நிமிடம்கூட இருக்க முடியாது என்று தோன்றியது.

வராந்தாவில் சித்தப்பா வந்துகொண்டிருந்தார். அவள் கணவனோடு லிஃப்ட் கம்பெனியில் ரிப்பேர் வேலை பார்ப்பவர். கல்யாணமே ஆகாதவர். யாருக்கும் சித்தப்பா இல்லை. அவன்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டான். பிறகு கம்பெனி முழுக்க அதுவே பேராகிவிட்டது. மேனேஜர் முதற்கொண்டு அர்த்தம் தெரியாமல் அப்படித்தான் கூப்பிடுவார். இரவு டூட்டி முடிந்து நேராக வந்திருந்தார். முழங்கையில் கிரீஸ்.

உள்ளே போய்க் கட்டிலருகே நின்றார்.

"என்னய்யா" என்றார் அவனைப் பார்த்து. "சொல்லாம கொள்ளாம."

வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிரீஸ் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் சொல்லவில்லை.

"ஊருக்குச் சொல்லிட்டியாம்மா?"

"இல்ல சித்தப்பா."

"அவன் தங்கச்சிக்காவது?"

"அவருக்கு உடம்பு சரியில்லைன்னே அங்க யாருக்கும் தெரியாது. இப்ப எடுத்த எடுப்புல போயிட்டார்னு எந்த வாயால சொல்றது?"

"அதுக்கு? உடம்பை ஊருக்கு அனுப்பறதா, இங்கயே முடிக்கறதான்னு ஆஸ்பத்திரி ஆபீஸ்ல கேப்பான். பெத்தவளைக் கேக்காம நீயும் நானும் முடிவு பண்ணிட முடியுமா?"

"திங்கக்கிழமைதான் கேப்பாங்களாம். இன்னைக்கும் நாளைக்கும் லீவு."

"நல்லா இருக்கே. திங்கக்கிழமை வரைக்கும் அவனை உயிரோட வெச்சிருக்கப் போறியா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"இன்னும் ஒரு போட்டோ பாக்கி இருக்கு" என்றாள்.

சித்தப்பா மறுத்துத் தலையாட்டினார்.

"வேணாம்மா" என்றார். "அந்தக் கூத்துக்கு என் சட்டையைக் குடுத்தவன் நான். அப்ப சிரிச்சுக்கிட்டே குடுத்தேன். இப்ப வேணாம்."

கீழே கார் நிறுத்துமிடம் வரை கூடவே வந்தார். தானே ஓட்டுவதாகச் சொன்னார். சாவியை அவள் கொடுக்கவில்லை.

"வீட்டுக்குப் போயி கொஞ்சம் படு. மத்தியானம் சாப்பாடு கொண்டாறேன். வந்ததும் சேர்ந்து போன் பண்ணுவோம். நான் பக்கத்துல இருக்கேன்."

"சரி சித்தப்பா."

சிக்னலில் வீட்டுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். அவள் நேராகப் போனாள். நேராகப் போனால் நெடுஞ்சாலை.

சனிக்கிழமைகளில் எப்போதும் நேராகத்தான் போவார்கள். வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் நின்று தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருப்பவன் அவன். சனிக்கிழமை விடிந்தால் வீட்டில் தங்க மாட்டான். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அந்த ஒரு நாளாவது காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்றிருக்கும்.

"மலையும் தண்ணியும் எங்க ஓடிடப் போகுது? அடுத்த வாரம் பாத்துக்கலாமே" என்பாள்.

"அது ஓடாது. நம்மளைத்தான் ஓட்டிடுவான். கான்ட்ராக்ட் என்னைக்கு முடியும்னு யார் கண்டா? எந்திரி எந்திரி."

டூரிஸ்ட் பஸ் வருவதற்கு முன் போய்ச் சேர வேண்டும். வாயிற்கதவு திறக்கும்போது நிற்க வேண்டும். ஒரு சுற்று, ஒரு போட்டோ, காரிலேயே டப்பாச் சாப்பாடு. அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றையோ கோட்டையையோ பார்க்கத் தொடங்கும்போது அவன் பின்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டிருப்பான். போன இடங்களில் அவள் அதிகம் பார்த்தது முன்னால் நடந்த அவன் முதுகைத்தான்.

எடுத்த போட்டோ ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போனிலிருந்து ஊருக்குப் போகும். வாராவாரம். தவறினால் அம்மாவிடமிருந்து போன் வரும்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட அதே மாதம் இங்கே டாக்டர் அவனுடைய ஸ்கேனை விளக்கில் மாட்டிக் காட்டினார்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டோம் போல" என்றான் வெளியே வந்து. காரில் ஏறியதும் சொன்னான். "அம்மா எழுந்து நடக்கட்டும். அப்புறம் சொல்லிக்கலாம். படுத்துக்கிட்டே இதைக் கேட்டா எழுந்திரிக்க மாட்டா."

சொல்லாமல் இருப்பதென்றால் போட்டோ நிற்கக் கூடாது. சிகிச்சை தொடங்கினால் முடி கொட்டும், முகம் வற்றும். அவனே வழி கண்டுபிடித்தான். சிகிச்சைக்கு முந்திய வாரம் லீவு போட்டு, சுற்றுவட்டாரத்தில் பாக்கி இருந்த இடங்களை எல்லாம் ஒரே மூச்சில் பார்த்துவிடுவது. ஒவ்வொரு இடத்திலும் வேறு சட்டை. அவனிடம் இருந்ததெல்லாம் ஒரே மாதிரி சாம்பல் நிறம் என்பதால் சித்தப்பாவிடம் இரவல் வாங்கினார்கள். காரின் பின்சீட்டில் சட்டைகள் தொங்கின. கழிப்பறைக்குள் ஒரு சட்டையோடு போய் இன்னொரு சட்டையோடு வருவான். அவளும் துப்பட்டாவை மாற்றுவாள், தலையை அவிழ்த்துப் பின்னுவாள்.

போட்டோ எடுத்ததும் அவன் பெரிதாக்கிப் பார்ப்பான். ரிப்பேர் முடித்த லிஃப்ட்டில் கையெழுத்துப் போடும் முன் பார்ப்பது போலத்தான். பெல்ட் வேறா? ஷூ வேறா? கண்ணாடி? வாட்ச்? கார் தெரிகிறதா? பார்த்து முடித்து, "பாஸ்" என்பான்.

ஒரு கோட்டை வாசலில் காவலாளி அவர்களைக் கூப்பிட்டு, நீங்கள் சினிமாக்காரர்களா என்று கேட்டான். அவன் கொஞ்சமும் யோசிக்காமல் ஆமாம் என்று தலையாட்டினான். காருக்கு வந்த பிறகு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி அவனோடு போன எந்தப் பயணத்திலும் அவள் அந்த வாரம் சிரித்தது போலச் சிரித்ததில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் ஒரு படம் போனது. வீடியோவில் வரச் சொன்னால் நெட் சரியில்லை. குரல் கம்மினால் சளி. அவன் எழுந்து உட்கார முடியாமல் போன பிறகும் படம் தவறவில்லை. போன ஞாயிறு அவள் போனைப் பிடித்துக்கொள்ள, அவன் விரலால் தொட்டு அனுப்பினான்.

"இன்னும் ஒண்ணுதான் இருக்கு" என்றான். "அதுக்குள்ள அம்மா நடந்துடுவா."

நெடுஞ்சாலையில் ஓட்டி அவள் அணைக்கட்டுக்கு வந்து சேர்ந்தபோது பஸ்கள் வந்துவிட்டிருந்தன. குடை பிடித்த வழிகாட்டியின் பின்னால் கூட்டம் நகர்ந்தது. அவள் காரை நிறுத்தி இறங்கினாள். அணைச் சுவரின் மேல் நடந்தாள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம். கடைசி வரை போனதும் நிற்காமல் திரும்பினாள். காரில் ஏறிக் கதவை மூடினாள். கைகள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டன. மறுபடியும் இறங்கினாள்.

ஓர் இளம் ஜோடி அவளை நிறுத்தி, ஒரு போட்டோ எடுக்க முடியுமா என்று சைகையில் கேட்டது. அவர்கள் போனை வாங்கினாள். அந்தப் பையன் பெண்ணின் தோளில் கை போட்டு விறைப்பாக நின்றான். கொஞ்சம் இந்தப் பக்கம் என்று கை காட்டினாள். பின்னால் தெரிந்த குப்பைத்தொட்டி மறையும் வரை நகர்த்தினாள். எடுத்தாள். பிறகு அவளை அறியாமலே படத்தைப் பெரிதாக்கிப் பையனின் முகத்தை, சட்டையை, ஷூவைப் பார்த்தாள். அவன் லேசாகச் சங்கடப்பட்டுக் கையை நீட்டினான். கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

இனி தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. நாத்தனாருக்குப் போன் செய்தாள். முதலில் அவளிடம் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள், தண்ணீர் எடுத்து வைத்துக்கொள், பிறகு சொல். அந்த வார்த்தைகளை நெடுஞ்சாலை முழுக்க அடுக்கி வைத்திருந்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை.

மூன்றாவது முறை செய்யப் போகும்போது நாத்தனாரிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் தெருச் சத்தம்.

"அண்ணி, பஸ்ல இருக்கேன், ஒண்ணும் கேக்காது. ஆபீசுக்குப் போயி கூப்பிடறேன். ஒரு விஷயம் கேளுங்க. அம்மா நடந்துட்டாங்க! கட்டிலேர்ந்து வாசப்படி வரைக்கும். யாரையும் பிடிக்கல. என்னையே 'தள்ளிப் போடி'ன்னுட்டாங்க. அண்ணன்கிட்ட உடனே சொல்லுங்க. காலையிலேர்ந்து அடிக்கறேன், எடுக்கவே மாட்டேங்கறாரு. எந்த மலை மேல ஏறி நிக்கறாரோ."

அவள் இரண்டு முறை கேட்டாள். பிறகு கைப்பையிலிருந்து கணவனின் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் சத்தத்தை அணைத்து வைத்திருந்தது. தவறிய அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன.

கடைசிப் படத்தைத் திறந்தாள். பாலத்தின் மேல் நிற்கிறான். சித்தப்பாவின் நீலச் சட்டை தோளில் தொளதொளவென்று இருக்கிறது. ஒரு கை கைப்பிடிக் கம்பியில். பாதி திரும்பிய உடம்பு, அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டவன் போல.

நாளை ஞாயிறு. இதை அனுப்பினால் ஒரு வாரம். ஒரு வாரம் கிழவி வாசல்படிக்கு நடப்பாள், தெருமுனைக்கு நடப்பாள். திங்கட்கிழமை ஆபீஸில் கேட்பார்கள். இங்கேயே என்று சொல்லிவிடலாம். சித்தப்பா திட்டுவார். பிறகு கூட வந்து நிற்பார்.

கார்க் கதவைத் திறந்தாள். மூடினாள். சூடான கூரையில் கையை ஊன்றிக்கொண்டாள். விரல் பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. அவள்தான் அனுப்பினாள். ஞாயிறு வரை காத்திருக்கக்கூடத் தோன்றவில்லை.

படம் போனது. அங்கே பார்த்துவிட்டதற்கான நீலக் குறி உடனே விழுந்தது. கணவனின் போன் சத்தமில்லாமல் கையில் அதிர்ந்தது. அம்மா. அவள் அதைக் காரின் மேல் வைத்தாள். அது அதிர்ந்து அதிர்ந்து தகரத்தில் நகர்ந்தது. நின்றது. அடுத்து அவள் போன் அடித்தது.

"ஏம்மா, இன்னைக்குச் சனிக்கிழமைதானே? நாளைக்கு வர வேண்டியது இன்னைக்கே வந்துடுச்சு?"

"ஆமா அத்தை."

"எங்க அவன்?"

"பக்கத்துல இல்ல அத்தை."

"அவன் என்னைக்கு உன் பக்கத்துல இருந்தான்? உன்னை நிக்க வெச்சுட்டு வண்டியைத் திருப்பப் போயிருப்பான். அவங்கப்பனும் இப்படித்தான். கல்யாண வீட்டுக்குப் போனா பந்தி முடியறதுக்குள்ள செருப்பைத் தேடுவார்." அத்தை சிரித்தாள். மூச்சு வாங்கியது. "நான் நடந்தேன், கேட்டியா?"

"கேட்டேன் அத்தை. ரொம்ப... ரொம்ப சந்தோஷம்."

"என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு? உனக்கும் சளியா?"

"காத்து அடிக்குது அத்தை. வெளிய நிக்கறேன்."

"சரி, அவன் வர்றதுக்குள்ள ஒண்ணு கேட்டுடறேன். அவன்கிட்ட சொல்லாத, கத்துவான். உன் நாத்தனா முந்தாநேத்து, நான் படுத்ததுலேர்ந்து வந்த உங்க படத்தையெல்லாம் பெரிசா பிரிண்ட் போட்டுக் கட்டிலுக்கு எதிர்ல ஒட்டி வெச்சிருக்கா. படுத்துக்கிட்டு வேற என்ன வேலை, அதையே பாத்துக்கிட்டிருக்கேன். எல்லாத்துலயும் அவன் கட்டைவிரல்ல ஒரு வெள்ளை பிளாஸ்திரி இருக்கு. இடது கையில. முதல்ல ஏதோ வெட்டிக்கிட்டான்னு விட்டுட்டேன். ஒவ்வொரு படத்துலயும் இருக்கும்மா. இப்ப வந்ததுலயும் இருக்கு."

அவள் கணவனின் போனை எடுத்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். கம்பியைப் பிடித்த கை. கட்டைவிரலைச் சுற்றி வெள்ளையாக ஒரு கட்டு. சட்டை மாற்றிய அந்த வாரம் கிளம்புவதற்கு முதல் நாள் வழிச் சாப்பாட்டுக்கு வெள்ளரிக்காய் நறுக்கும்போது அவன் வெட்டிக்கொண்டது. அவள்தான் பிளாஸ்திரி ஒட்டினாள். அந்த வாரம் முடிந்து பிளாஸ்திரியைப் பிரித்தபோது ஆறி, தோல் மூடியிருந்தது.

பஸ் ஒன்று பின்னோக்கி வந்து விடாமல் ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை.

"கேக்குதாம்மா?"

"கேக்குது அத்தை."

"இவ்வளவு மாசமா ஒரு காயம் ஆறாம இருக்குமா? அவங்கப்பாவுக்கும் இப்படித்தான் கால்ல ஆறாத புண்ணா ஆரம்பிச்சுது. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னார். இவனும் கேட்டா அதையேதான் சொல்லுவான். அதான் உன்னைக் கேக்கறேன். அவனை டாக்டர்கிட்ட காட்டினியா?"