கன்னிப்பூவில் விளைந்த கார்புரேட்டர்

2019 புரட்டாசியில், சுசீந்திரத்துக்குக் கிழக்கே அழகியநாயகியின் நாற்பது சென்ட் வயலில் நெல்லோடு ஒரு கார்புரேட்டரும் விளைந்தது. வாய்க்கால் தண்ணீர் உள்ளே விழும் மடைக்கு மூன்று முழம் தள்ளி, இரண்டு நெல்தூருக்கு நடுவே, முழங்கால் உயரத்தில் ஒரு தண்டில் அது தொங்கியது. முதலில் பார்த்தவள் அறுப்புக்கு வந்த சபிதா. களை எடுக்க வந்தபோதே அதைப் பார்த்ததாகவும், அப்போது கத்தரிப்பிஞ்சு அளவில் பச்சையாக இருந்ததால் ஏதோ காட்டுச்செடி என்று நினைத்து விட்டுவிட்டதாகவும் பிறகு சொன்னாள். வருஷத்தின் முதல் போகமான அந்தக் கன்னிப்பூவில் புகையான் பூச்சி கொஞ்சம் விழுந்திருந்ததால் விளைச்சல் சுமார்தான். நெல் பன்னிரண்டு மூட்டை, வைக்கோல் ஒரு டெம்போ, கார்புரேட்டர் ஒன்று.

அழகியநாயகிக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. கூட்டுறவுச் சங்கத்தின் உரக்கடையில் பில் போடுகிற வேலை. கணவர் அய்யம்பெருமாள் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. நாற்பத்தெட்டாவது வயதில் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினாள், ஆனால் புதுக் கார் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இப்போது வருகிற கார்களெல்லாம் யாரையோ முறைத்துக்கொண்டே போகின்றன என்பது அவள் கட்சி. நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு உறவுக்காரி ஒருத்தியைப் பார்க்கப் போன நாளில், பக்கத்துச் சந்தில் மெக்கானிக் செல்வதாஸ் வீட்டுக்குப் பின்னால், ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகைக்குள் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்பதைப் பார்த்தாள். இளம்பச்சை நிறம். இடது முன்கதவு மட்டும் வெள்ளை. உருண்டை விளக்குகளோடு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தது மாதிரி ஒரு முகம். பின்சீட்டில் ஒன்பது கோழிகள் அடை கிடந்தன.

செல்வதாசுக்கு வண்டியை விற்பதில் மறுப்பில்லை. மறுத்தது அவன் மனைவி நேசம்மாள். கோழிகளை அவள் எங்கே கொண்டு வைப்பாள்? கடைசியில் ஒரு பழைய ஸ்கூட்டியின் விலையும், புதிதாக ஒரு கம்பிவலைக் கூடும் என்று பேச்சு முடிந்தது. செல்வதாஸ் இரண்டு மாதம் வேலை பார்த்து வண்டியை ஓடவைத்தான். அழகியநாயகி பெயின்ட் அடிக்கவில்லை. அந்தக் காசுக்கு ஒரு வருஷம் பெட்ரோல் போடலாம் என்றாள். காருக்கென்று மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், அதற்குமேல் ஒரு பைசா கிடையாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டதும் இருவரும் தேரூர் குளத்தங்கரை வரையோ மணக்குடி வரையோ போய்வருவார்கள். அய்யம்பெருமாள் முன்னால் உட்காரமாட்டார். முப்பது வருஷப் பழக்கத்தில் பின்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தி, கூரையில் இரண்டு தட்டு தட்டி, “போலாம் ரைட்” என்பார். ஹெரால்டின் முன்சக்கரங்கள் நன்றாக மடங்கித் திரும்பும். மாட்டுவண்டியே இரண்டு தடவை பின்வாங்கித் திரும்புகிற ரதவீதி முடுக்கில் இது ஒரே வெட்டில் திரும்பும். தேவையில்லாவிட்டாலும் அழகியநாயகி அங்கே ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

மூன்றாம் மாதம் கார்புரேட்டர் விரிசல் விட்டுவிட்டது. செல்வதாஸ் பைக்கில் வந்து பார்த்தான். அந்த மாடல் நின்று ஐம்பது வருஷம் ஆயிற்று.

“அக்கா, எஞ்சினுக்கு ஒரு கேடுமில்ல. ஆனா இந்தச் சாதனம் இனி கிட்டாது,” என்றான்.

கோயம்புத்தூரில் ஒருவரிடம் இருந்தது. அவர் சொன்ன விலை காரின் விலையில் பாதி. அழகியநாயகி சட்டத்தை மீறவில்லை. தார்ப்பாயைப் போட்டு மூடினாள். தினமும் வேலைவிட்டு வந்ததும் தார்ப்பாய்க்குள் நுழைந்து பத்து நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். வயலிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. மேலுரம் போட்ட அன்று மட்டும் வரப்பில் நின்று அய்யம்பெருமாளிடம் இதைச் சொல்லிக் கொஞ்சம் சத்தமாகவே புலம்பினாள். வயலுக்குக் கேட்டிருக்கலாம்.

விளைந்ததைச் செல்வதாஸ் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான், மோந்தும் பார்த்தான். புது அரிசி வாசம் வந்தது. சரக்கு ஒரிஜினல்தான் என்று சொல்லி மாட்டினான். இரண்டாவது கிராங்கில் வண்டி கிளம்பியது. மறுநாள் காலையில் உரக்கடைக்கு முன்னால் கூட்டம். எல்லோரும் அழகியநாயகி தன் வயலுக்குப் போட்ட அதே உரத்தைக் கேட்டார்கள். யூரியாவும் பொட்டாஷும்தான் என்று சொன்னதை யாரும் நம்பவில்லை.

அடுத்து வந்த இரண்டாம் போகமான கும்பப்பூவில் நான்கு பிரேக் வாஷர்களும், அவரைக்காய் மாதிரிக் கொத்தாகக் கண்ணாடி ரப்பர்களும் விளைந்தன. ஊரடங்கு வருஷத்தில் ஓட்டமே இல்லாததால் வயலும் ஒரே ஒரு போல்ட்டோடு நிறுத்திக்கொண்டது. போகப் போக அதன் பக்குவம் அழகியநாயகிக்குப் பிடிபட்டது. பழுக்குமுன் பறிக்கக்கூடாது. அவசரப்பட்டுப் பறித்த ஒரு கண்ணாடிக் கைப்பிடி இரண்டே நாளில் வாழைத்தோல் மாதிரி சுருங்கிவிட்டது. அறுவடை மெஷினை இறக்க முடியாது. முதல் தடவை இறக்கியபோது ஒரு சக்கர ஹப்பில் மோதி பிளேடு போய், அந்த டிரைவர் இனி அந்த வயல் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டார். ஆகவே கையறுப்புதான், சபிதாவும் ஐந்து பெண்களும். பயிர் ஆய்வுக்கு வந்த வேளாண்மை அலுவலகப் பெண் படிவத்தில் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, ஊடுபயிர் என்ற இடத்தில் அதை எழுதிக்கொண்டு போனாள்.

ஹெரால்டுக்கு வேண்டியது தீர்ந்த பிறகு அடுத்தவர்களுக்கும் விளைய ஆரம்பித்தது. மார்த்தாண்டத்து போட்டோகிராபரின் பியட்டுக்கு ஒரு ஹார்ன். இரணியலில் பள்ளிக்கூடம் நடத்தும் சத்தியபாயின் பழைய ஜீப்புக்கு ஒரு ரேடியேட்டர் மூடி. யாருடையது என்று செல்வதாஸ் பார்த்துச் சொல்வான், சொந்தக்காரர் வந்து அறுப்புக்கூலியில் தன் பங்கைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போவார். இரண்டாம் சனிக்கிழமைகளில் இவர்களெல்லாம் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு ஏழெட்டு வண்டிகளில் ஒன்றாகப் போகலானார்கள். எந்த வண்டியும் முழுக்க ஒரே நிறத்தில் இருக்காது. வழியில் ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும், எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அந்த நேரம்தான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்த நேரம்.

வயல் அழகியநாயகிக்கு மட்டும் சொந்தமில்லை. பட்டா அவள் பேரிலும் தம்பி சுதீஷ் பேரிலும் சேர்ந்து இருந்தது. சுதீஷ் சார்ஜாவில் டிரெய்லர் ஓட்டுகிறவன். 2023 தை மாதம் லீவில் வந்தபோது கையில் ஒரு ஒப்பந்தக் காகிதம் இருந்தது. வயலுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் செம்மண் அடித்துக் கல் நட்டு பிளாட் போட்டாயிற்று. நடுவில் உள்ள நாற்பது சென்டுக்குத்தான் லேஅவுட்காரர் காத்திருந்தார். விற்ற பணத்தில் ஒரு டிப்பர் லாரி வாங்கி ஊரோடு இருந்துவிடலாம் என்பது சுதீஷின் கணக்கு. அவன் சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து, அக்காள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“இன்னும் எத்தன வருசந்தான் அந்த மணல்ல கெடந்து ஓட்டணும் யக்கா? எனக்கும் நாப்பத்தாறு ஆச்சு. முதுகு போயிட்டு.”

கார்புரேட்டரை முதல் தடவை வெயிலில் தூக்கிப் பிடித்ததும், சபிதா சிரித்ததும், மலைப்பாதையில் எட்டு வண்டிகள் வரிசையாக ஏறுவதும் அழகியநாயகியின் கண்ணில் ஓடின. ஆனால் அவன் கேட்டதில் தப்பு எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பதினாறு வருஷமாக வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் ஊரில் இருக்கிறவன்.

“ஒனக்கும் பாதி உண்டும்லா மக்கா. கையெழுத்துப் போடுகேன். இந்தக் கும்பப்பூவ மட்டும் அறுத்துக்கிடுகேன்,” என்றாள். பிறகு வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், ஏற்கெனவே கழுவியிருந்த காரை இன்னொரு தடவை கழுவினாள்.

மாசியில் அறுப்பு. சுதீஷும் பேன்ட்டை மடித்துக்கொண்டு வயலில் இறங்கினான். வயலில் விளைவதைப் பற்றி அக்காள் போனில் சொன்னபோதெல்லாம் அவன் சரி சரி என்று கேட்டுக்கொண்டிருந்தானே தவிர, டவர் சரியில்லாமல் தனக்குத் தப்பாகக் கேட்கிறது என்றுதான் நினைத்திருந்தான். தெற்கு வரப்பை ஒட்டி அறுத்துக்கொண்டு போனவன் ஒரு தூரைப் பிடித்து அரிவாளை வைத்ததும் நின்றுவிட்டான். நெல்லுக்குள் ஒரு ஸ்டியரிங் வீல், கறுப்பாகப் பழுத்து, தண்டு தாங்காமல் சாய்ந்து கிடந்தது. பறித்துச் சேறு துடைத்துப் பார்த்தான். அவன் கைகள் இரண்டும் அதில் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போய் இருந்தன. அன்று சாயங்காலம் செல்வதாஸ் வந்து, தனக்குத் தெரிந்த வண்டிகளையெல்லாம் வாயால் வரிசையாகச் சொல்லிப் பார்த்தான்.

“இது ஒரு வண்டிக்கும் உள்ளதில்ல,” என்று தாடையைத் தேய்த்துக்கொண்டு சொன்னான்.

கையெழுத்துக்குத் திங்கட்கிழமை என்று குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அழகியநாயகி கீரிப்பாறைக்குப் புறப்பட்டாள். தம்பியையும் கூப்பிட்டாள். வாசலில் வைத்துச் சாவியை அவன் கையில் கொடுத்தாள். கடைசி ஓட்டமாக இருக்கலாம், அதைத் தானே ஓட்டினால் வழியெல்லாம் அழவேண்டி வரும் என்று நினைத்துத்தான் கொடுத்தாள். அய்யம்பெருமாள் பின்னால் ஏறி இரண்டு தட்டு தட்டினார்.

சுதீஷ் நல்ல டிரைவர். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் நாற்பதடி டிரெய்லர் வருகிற மாதிரி வண்டியை வெளிப்பக்கம் கொண்டுபோய் அகலமாக வளைத்தான், கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அழகியபாண்டியபுரம் தாண்டி ஏற்றம் தொடங்கி ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் வந்தபின் மூன்றாவது வளைவில்தான், பின்னால் அத்தானைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுத்தான். அடுத்த வளைவை ஒட்டித் திருப்பினான். அதற்கடுத்ததை இன்னும் ஒட்டி. எதிரே வந்த எஸ்டேட் பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கொடுத்துவிட்டு, ரப்பர் பால்வாளியோடு போன பெண்கள் நின்று பார்க்கிறார்கள் என்பதையும் பொருட்படுத்தாமல், அந்தக் குறுகலான ரோட்டிலேயே வண்டியை ஒரே வெட்டில் ஒரு முழுச் சுற்று சுற்றினான். அழகியநாயகி ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். அவன் ஆறு தடவை சுற்றினான். நான்காவது தடவையில் அய்யம்பெருமாள் பின்னாலிருந்து சிரிக்க ஆரம்பித்தார், ஐந்தாவதில் சுதீஷும் சிரித்தான்.

ஓடைக்கரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். சுதீஷ் வெகுநேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“யக்கா, பதினாறு வருசமா ஓட்டுகேன். ஒரு நாளாவது எங்கயாவது சும்மா போயிருக்கேனான்னு யோசிச்சுப் பாத்தேன். போனதில்ல.”

அழகியநாயகி இன்னொரு பிடி சோற்றை அவன் இலையில் வைத்தாள். அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, “அடுத்த பூவயும் பாப்போம்,” என்றான் அவன்.

திங்கட்கிழமை அவனே லேஅவுட்காரருக்குப் போன் செய்து விவரம் சொன்னான். அவர் கோபப்படவில்லை. தன்னிடமும் ஒரு பழைய பியட் நிற்கிறது என்றும், அதற்கு முன்பம்பர் ஒன்று வேண்டும், கன்னிப்பூவில் விளைய வாய்ப்புண்டா என்றும் கேட்டார். விளைந்தது.

சுதீஷ் சார்ஜாவுக்குத் திரும்பிப் போனான். அடுத்த பூவையும் பார்த்தார்கள், அதற்கடுத்ததையும். அறுப்பு தொடங்கும் நாளில் அவன் தவறாமல் போன் செய்து, நெல்லைப் பற்றிக் கேட்காமல், வேறென்ன விளைந்தது என்று கேட்பான். எந்த வண்டிக்கும் பொருந்தாத சாமான்களாக விளைந்துகொண்டிருந்தன. தெற்கு வரப்பில் நான்கு கதவுகள், வாய்க்கால் ஓரத்தில் பூசணி மாதிரிப் படர்ந்து எஞ்சின், தேங்கியிருந்த தண்ணீரில் தாமரை இலை போல மிதந்து இரண்டு விளக்குகள். செல்வதாஸ் கோழிக்கூடு நின்ற ரப்பர் கொட்டகையைக் காலி செய்து ஒவ்வொன்றையும் அங்கே கொண்டுபோய் வைத்தான். நேசம்மாள் முனகிக்கொண்டே கோழிகளை மாமரத்தடிக்கு மாற்றினாள். 2025 மாசியில் நடுவயலில் வண்டியின் அடிச்சட்டமான சேஸ் விளைந்தது. அதைத் தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. மொத்தத்தையும் பூட்டியபோது எந்தக் கம்பெனியும் செய்யாத ஒரு கார் நின்றது. பழுத்த நெல்லின் நிறம், அகலமான நெற்றி, நல்ல முகம். அதற்குள் சுதீஷும் டிரெய்லரை விட்டுவிட்டு ஊருக்கே வந்து பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். சம்பளம் குறைவு, முதுகுவலியும் குறைவு.

வண்டியைப் பதிவு செய்ய அக்காளும் தம்பியும் சேர்ந்து போனார்கள். அதிகாரி கீழே குனிந்து டார்ச் அடித்து சேஸ் எண்ணைப் பார்த்து எழுதினார். வயலின் சர்வே எண்தான் உட்பிரிவோடு அப்படியே புடைத்திருந்தது. பிரேக்கை மிதித்துப் பார்த்தார். ஹார்னை அடித்துப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு மேஜைக்கு வந்து படிவத்தை நிரப்பத் தொடங்கினார். உற்பத்தியாளர் யார் என்று கேட்டார். அழகியநாயகி தன் பேரையும் தம்பி பேரையும் சொன்னாள்.

“ஒரு வண்டிக்கு ரெண்டு உற்பத்தியாளரா?” என்று அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பட்டா ரெண்டு பேரு பேர்லயும் இருக்கு சார்,” என்றான் சுதீஷ்.

அது நியாயமான பதிலாக இருந்ததால் அவர் எழுதிக்கொண்டார். உற்பத்தி மாதம் கேட்டார். மாசி என்றாள் அழகியநாயகி. மாடல் என்ற கட்டம் மட்டும் பாக்கி. அதிகாரியும் பூதப்பாண்டிப் பக்கம் வயல் உள்ளவர்தான். பேனாவைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்து, அந்தப் பூவுக்கு என்ன நெல் விதைத்திருந்தார்கள் என்று கேட்டார். அம்பை பதினாறு என்றாள் அவள். அதையே மாடலாக எழுதி, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.