குழந்தையைக் கேட்கும் நாடு

வக்கீலம்மாவின் மேசை முழுக்க நாடுகள் கிடந்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு காகிதக் கட்டு, பறக்காமலிருக்க மேலே ஒரு கூழாங்கல். அப்பா அம்மா பிரிந்தால் பிள்ளை யாருக்கு என்று எந்த நாட்டில் என்ன சட்டம் என ஒப்பிட்டு, இங்கே உள்ளதை மாற்றச் சொல்லி எழுதுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களையும் கேட்க வேண்டுமாம். அதற்காக என்னை வரச் சொல்லியிருந்தார்.

"சட்டம் எழுதப் போறியா? அப்ப சாந்து யாரு கொழைப்பா, ஜட்ஜய்யாவா?" என்றார் மேஸ்திரி காலையில். ஆனாலும் அரை நாள் விட்டார்.

"இங்க அப்பாதான் எல்லாம். இந்த நாட்டுல ரெண்டு பேருக்கும் சமம்," என்று வக்கீலம்மா கட்டுகளை நகர்த்தினார். "இதைப் பாருங்கக்கா, கொழந்தையையே கூப்பிட்டுக் கேக்குறாங்க. உங்க பொண்ணக் கேட்டிருந்தா உங்களத்தானே சொல்லியிருப்பா?"

நான் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். எழுத்துப் படித்ததே அவள் போன பிறகு, தீர்ப்பில் என்னதான் இருக்கிறதென்று பார்க்கத்தான். அதில் அவள் அப்பாவின் உரிமை இருந்தது, என் கூலி இருந்தது. அவளைப் பற்றி வயசு மட்டும்.

தீர்ப்பு வந்த பிறகு அவளைக் கூட்டிப்போக அவர் பைக்கோடு வந்து நின்றார். அவள் பெட்ரோல் டேங்க் மேல் ஏறி உட்கார்ந்து ஹாரனை அடித்தாள். சிரித்தாள். அழுதிருந்தால் அந்த அழுகையைப் பிடித்துக்கொண்டாவது இருந்திருப்பேன். இப்போதும் ரோட்டில் எவனாவது ஹாரன் அடித்தால் தலையில் சட்டியோடு திரும்பிவிடுகிறேன்.

"ரெண்டு பேருக்கும் சமம்னு எழுதிக்கங்கம்மா."

"கொழந்தையக் கேக்குறது?"

"சின்னப் புள்ளைங்க. பைக்கைக் காட்டினா ஏறிக்கும்."

வக்கீலம்மா பேனாவை மூடினார். "அடுத்த மாசம் அவளுக்குப் பதினெட்டுல்ல? அப்புறம் எந்தச் சட்டமும் வேணாம்க்கா. வரணும்னா அவளே வரலாம்."

இந்த ஒன்றை மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாதென்று இருந்தேன். சட்டம் குறுக்கே நிற்கும்வரை அதைத் திட்டிக்கொண்டு கிடக்கலாம். அது விலகிய பிறகும் வாசல் காலியாகவே இருந்தால்?

திரும்பும் பஸ்ஸில் வழக்கம்போல ஜன்னலோரத்தை விட்டு வழிப்பக்கமாக உட்கார்ந்தேன். ஜன்னலோரம் அவளுக்குத்தான். சின்னதில் விடவே மாட்டாள். நடுவில் ஏறிய ஒரு பெண், அவள் வயசுதான் இருக்கும், "கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா" என்றாள்.

"ஆள் வருது."

பஸ் கிளம்பிவிட்டது. அந்தப் பெண் காலி இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். ஜன்னல் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது. நான் சீட்டின் மேல் கை வைத்தேன். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி சூடாக இருந்தது.